செவ்வாய் எத்தனை தொலைவில்?

சென்ற ஆனித் திங்களில் ஒரு மாலைப் பொழுது. சின்னாளப்பட்டியில் என் வீட்டுத் திண்ணையில் நல்லவர் இருவர் வந்து அமர்ந்தனர். நல்லவர் என்று நான் ஏளனத்துக்காகக் கூறவில்லை, தோழர்களே! கற்றவர்கள், பண்பாளர்கள், பொன் இத்தனை, பொருள் இத்தனை என்று பேரம் பேசாதவர்கள். என் மகளைத் தங்கள் மகனுக்குக் கேட்டு வந்தவர்கள். மோர் அருந்தினர், மழை பொய்த்தது பற்றிப் பேசினர், நூல் விலை ஏறியது பற்றி வருந்தினர். எழுந்து செருப்பை மாட்டும் வேளையில்தான் மூத்தவர் சொன்னார்: "பெண்ணின் சாதகத்தை மட்டும் கைப்பேசியில் அனுப்பிவிடுங்கள், சார். சும்மா ஒரு முறைக்குத்தான்."

உள்ளே, சுங்குடித் துணியில் முடிச்சிட்டுக்கொண்டிருந்த என் அக்காவின் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. எழுபதை நெருங்கும் விரல்கள் அவை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக, துணியைக் கிள்ளி, நூலைச் சுற்றி, புள்ளி புள்ளியாக முடிச்சிட்டு, சாயத்தில் தோய்த்து, முடிச்சவிழ்க்கும்போது நீல வானில் விண்மீன் இறைத்தாற்போல் விரியும் சேலைகளைச் செய்து தந்த விரல்கள். ஊரார் மணப்பெண்கள் உடுத்தினர் அந்தச் சேலைகளை. அவர் உடுத்தவில்லை.

முறைக்குத்தான்! எத்துணை எளிய சொல்! கேட்பவருக்குச் சுமையில்லை; சொல்பவருக்கு வெட்கமில்லை. ஆனால் அந்தச் சொல் ஒரு முறை எங்கள் வீட்டினுள் நுழைந்தது. நுழைந்து, ஒரு பெண்ணின் இளமையை முழுதாக விழுங்கிவிட்டுத்தான் வெளியேறியது.

அக்கா பிறந்தது 1957-ஆம் ஆண்டு புரட்டாசித் திங்களில், கதிரவன் மேற்கே சாயும் அந்திப் பொழுதில். சாதகம் கணித்தவர் பன்னிரண்டு கட்டம் வரைந்தார். ஏழாம் கட்டத்தில் செவ்வாயை எழுதினார். ஏழாமிடம் கணவனுக்குரிய இடமாம். அங்கே செவ்வாய் நின்றால் வந்து வாய்க்கும் கணவனின் உயிருக்கே ஊறாம்! பிறந்து பத்து நாள் ஆகாத பச்சிளங்குழவி, இன்னும் கண் திறந்து தாயின் முகத்தைச் சரியாகப் பார்த்தறியாத குழவி, எங்கோ இருக்கும் எவனோ ஒருவனுக்கு எமனாகிவிட்டது, ஏட்டில்!

சற்றே கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டு, நான்கு, ஏழு, எட்டு, பன்னிரண்டு ஆகிய ஐந்து இடங்களில் எங்கு செவ்வாய் நின்றாலும் தோஷம் என்கின்றனர். பன்னிரண்டில் ஐந்து! பிறப்பு முனையாகிய இலக்கினமோ ஒரு நாளில் பன்னிரண்டு இராசிகளையும் சுற்றி வந்துவிடுகிறது. ஆகவே, நாள்தோறும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 10 மணி நேரத்தில் பிறக்கும் குழந்தைகள் அனைவரும் இந்தக் குற்றத்தோடு பிறக்கின்றனர். திண்டுக்கல்லில் மட்டுமா? சீனத்திலும், சிலியிலும், செருமனியிலும்! அங்கெல்லாம் பன்னிரண்டு பெண்டிரில் ஐவர் கணவரைக் கொன்றுகொண்டா இருக்கின்றனர்? இந்தக் கேள்வியைக் கேட்க வானூல் கற்றிருக்க வேண்டியதில்லை. கழித்தல் கூட்டல் தெரிந்தால் போதும். எனினும் எங்கள் தெருவில் அன்று எவரும் கேட்கவில்லை. வானூலும் சிறிது கற்றிருந்த நான்கூடக் கேட்கவில்லை. அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நான் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தபோது, கோள்கள் கதிரவனை வட்டத்தில் சுற்றுவதில்லை, நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்ற பாடம் வந்தது. நீள்வட்டத்துக்கு நடு ஒன்று, குவியம் இரண்டு, அவற்றுள் ஒன்றில் கதிரவன். மனப்பாடம் செய்தேன், பொருள் விளங்கவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு, ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்த அக்கா, "என்ன தம்பி, ஒரே வரியை ஓயாமல் ஓதுகிறாய்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் எழுந்தார். தறிக்குழி ஓரத்து மண் தரையில் இரண்டு ஆணிகளை அடித்தார். முனைகளை முடிந்த நூல் வளையம் ஒன்றை அவ்விரண்டையும் சுற்றிப் போட்டார். கரித்துண்டால் நூலை விறைப்பாக இழுத்துப் பிடித்து, ஒரு சுற்றுச் சுற்றினார். தரையில் விரிந்தது நீள்வட்டம்!

தமிழில் நூல் என்ற சொல்லுக்குப் பொருள் இரண்டு. ஏட்டு நூல் என் கையில் இருந்தது. பஞ்சு நூல் அக்காவின் கையில் இருந்தது. உண்மையை முதலில் காட்டியது பஞ்சு நூல்தான்.

"ஆணிகளை நெருக்கினால் வட்டமாகிறது, விலக்கினால் நீள்கிறது. உன் கோள்களுக்கு ஆணிகள் எத்தனை விலகல்?" என்று கேட்டார். அன்று எனக்கு விடை தெரியாது. இன்று தெரியும், கூறுகிறேன். நெடிய அச்சின் பாதி ஒரு மீட்டர் இருக்குமாறு தரையில் வரைவதானால், புவியின் பாதைக்கு இரு ஆணிகளுக்கும் இடையே 3.3 சென்டிமீட்டர் போதும். செவ்வாய்க்கு 18.7 சென்டிமீட்டர் வேண்டும். புதனுக்கு 41 சென்டிமீட்டர். பள்ளிப் புத்தகங்களில் முட்டைபோல் நசுக்கி வரைகிறார்களே, அது பிழை. செவ்வாயின் பாதை நசுங்கியிருப்பது ஒரு மீட்டரில் 4 மில்லிமீட்டர் அளவே. கண்ணுக்கு வட்டமாகவே தோன்றும். ஆனால் கதிரவன் நடுவில் இல்லை, 9 சென்டிமீட்டர் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கிறான். நுட்பம் அங்கேதான் இருக்கிறது. பாதை ஏறத்தாழ வட்டம். ஆயினும் தலைவன் நடுவில் வீற்றிருக்கவில்லை!

அதனால்தான் தொலைவு மாறுகிறது. புவி கதிரவனிடமிருந்து 14.71 கோடி கிலோமீட்டருக்கும் 15.21 கோடி கிலோமீட்டருக்கும் இடையே ஊசலாடுகிறது. வெள்ளியின் பாதையே எல்லாவற்றிலும் வட்டத்தை ஒத்தது, 10.75 முதல் 10.89 கோடி வரை மட்டுமே மாறும். புதனோ 4.6 கோடியிலிருந்து 6.98 கோடி வரை ஓடுகிறது. செவ்வாய் 20.67 கோடிக்கு நெருங்கி, 24.92 கோடிக்கு விலகுகிறது. 2006-இல் கோள் என்னும் தகுதியிலிருந்து இறக்கப்பட்டுக் குறுங்கோளான புளூட்டோ 444 கோடிக்கும் 738 கோடிக்கும் இடையே அலைகிறது. 1979 முதல் 1999 வரை இருபது ஆண்டுகள் நெப்டியூனைவிடக் கதிரவனுக்கு அருகில் இருந்தது. இந்த மாற்றம் எதுவும் சினத்தால் வந்ததன்று, சாபத்தால் வந்ததன்று, பரிகாரத்தால் மாறப்போவதுமன்று. ஒரு நூலும் இரு ஆணியும் போல, விதி ஒன்று, விளைவு அதற்குரியது.

இந்த விதி எளிதில் கிடைத்ததா? இல்லை. வட்டமே முழுமையானது, வானில் உள்ளவை தூயவை, தூயவை வட்டத்தில்தான் செல்லும் என்று இரண்டாயிரம் ஆண்டுகள் கிரேக்கமும் ஐரோப்பாவும் நம்பின. கோப்பர்னிக்கசே வட்டத்தை விடவில்லை. மூடநம்பிக்கை குடிசையில் மட்டும் குடியிருப்பதில்லை, தோழர்களே. கோபுரத்திலும் பல்கலைக்கழகத்திலும் கொலுவீற்றிருக்கும்! அதை உடைத்தவர் செருமானியராகிய கெப்ளர். தைக்கோ பிராகே என்ற டென்மார்க்கு அறிஞர் வெறுங்கண்ணால் பல ஆண்டுகள் அளந்து வைத்த செவ்வாயின் இருப்பிடங்கள் அவர் கைக்கு வந்தன. வட்டத்தை வைத்துக் கணக்கிட்டார். கணக்குக்கும் காட்சிக்கும் இடையே 8 கலை வேறுபாடு வந்தது. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை. எட்டுக் கலை என்பது முழுநிலவின் அகலத்தில் கால் பங்கு. "போகட்டும், சிறு பிழை" என்று விட்டிருக்கலாம். விடவில்லை அவர். இரண்டாயிரம் ஆண்டு நம்பிக்கையை ஒரு தட்டிலும், எட்டுக் கலை உண்மையை மறு தட்டிலும் வைத்தார். எட்டுக் கலையே கனத்தது! வட்டம் வீழ்ந்தது. 1609-இல் நீள்வட்ட விதி நூலாக வெளிவந்தது.

அந்த விதியைத் தந்த கோள் எது? செவ்வாய்! வெள்ளியின் பாதையை ஆராய்ந்திருந்தால் வட்டத்திலேயே மயங்கியிருப்பார். செவ்வாயின் தொலைவு கணிசமாக மாறியது. அதனால் பொய் பிடிபட்டது. ஐரோப்பாவின் கண்ணைத் திறந்த அதே செவ்வாய், எங்கள் வீட்டில் ஒரு பெண்ணின் வாழ்வை அடைத்தது என்றால், குற்றம் செவ்வாயினுடையதா?

கெப்ளரும் வயிற்றுப்பாட்டுக்குச் சாதகம் எழுதியவர்தாம், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் வாழ்வில் மற்றொரு நிகழ்ச்சி உண்டு. 1615-இல் அவருடைய முதிய தாயைச் சூனியக்காரி என்று ஊரார் தூற்றினர். 1620-இல் சிறையிலிட்டனர். மகன் ஆராய்ச்சியை ஒதுக்கி வைத்துவிட்டு ஓடினார், தாய்க்காக வாதாடினார், 1621-இல் மீட்டார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முகம் கவிழ்கிறது. ஏன் என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

கெப்ளரின் இரண்டாம் விதி, அருகில் வந்தால் விரைவு, அகன்றால் தளர்வு என்பது. புவி கதிரவனை நெருங்கியிருக்கும்போது நொடிக்கு 30.3 கிலோமீட்டர் விரைகிறது, விலகியிருக்கும்போது 29.3 கிலோமீட்டராகத் தளர்கிறது. இதற்குச் சான்று தேடித் தொலைநோக்கியிடம் போக வேண்டாம். வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியைப் புரட்டுங்கள். ஆனித் திங்கள் பல ஆண்டுகளில் 32 நாள். மார்கழி பல ஆண்டுகளில் 29 நாள். ஏன் இந்த ஓரவஞ்சனை? ஒவ்வொரு திங்களும் கதிரவன் ஓர் இராசியை, அதாவது 30 பாகையைக் கடப்பதாகத் தோன்றும் காலம். உண்மையில் நகர்வது புவி. சூலைத் தொடக்கத்தில், ஆனியின் நடுவில், புவி மிகத் தொலைவில் தளர்நடை போடுகிறது. 30 பாகையைக் கடக்க ஏறத்தாழ 31½ நாள் ஆகிறது. சனவரித் தொடக்கத்தில், மார்கழியில், மிக அருகில் விரைந்தோடுகிறது. ஏறத்தாழ 29½ நாளில் கடந்துவிடுகிறது. நம் முன்னோரில் வானை உண்மையாகவே அளந்தவர்கள் இந்த ஏற்றத்தாழ்வைக் கண்டு குறித்தனர். நீள்வட்டம் என்று அறியவில்லை. ஆயினும் அளவில் பொய் சொல்லவில்லை. அளந்தவரைப் போற்றுவோம். அந்த அளவின் மேல் அச்சத்தை ஏற்றி விற்றவரை அன்றோ நாம் எதிர்க்கிறோம்!

வேடிக்கை ஒன்று பாருங்கள். "கத்திரி வெயிலுக்குக் காரணம் சூரியன் கிட்ட வருவது" என்றே என் தந்தை இறுதிவரை நம்பினார். மார்கழிக் குளிரில், குழித்தறியில் கால் விறைக்க அவர் அமர்ந்திருந்த விடியற்காலையில்தான் கதிரவன் 50 இலட்சம் கிலோமீட்டர் நெருங்கியிருந்தான்! வெயிலையும் குளிரையும் வகுப்பது புவியச்சின் 23½ பாகைச் சாய்வு, தொலைவு அன்று. கதிரவன் மிக நெருங்கும் மார்கழியைத்தான் பீடை மாதம் என்று ஒதுக்கி, மணவினைக்கு ஆகாது என்றனர். நெருங்கி வருவதால் அது நல்ல திங்கள் ஆகிவிடும் என்று நான் வாதிட மாட்டேன், அதுவும் மூடத்தனமே. நாள்களுக்கு நீளம் உண்டு. நன்மை தீமை இல்லை.

எங்கள் ஊரிலிருந்து தெளிந்த நாளில் மேற்கே நோக்கினால் பழனிமலைத் தொடர் நீலமாகத் தெரியும். அந்த மலைமேல், கோடைக்கானலில், 1899-இல் நிறுவப்பட்ட கதிரவன் ஆய்வுக்கூடம் இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கதிரவனைப் படமெடுத்து வருகின்றனர். ஒரே கருவியால் எடுத்த சனவரிப் படத்தையும் சூலைப் படத்தையும் அடுத்தடுத்து வைத்தால், சனவரிக் கதிரவன் நூற்றுக்கு மூன்று பங்கு அகன்று தெரிவான். புவியின் தொலைவு மாறுவதைக் கண்ணாலேயே காணலாம்! பழனிக்கும் கோடைக்கும் நேர்த்திக்கடனுக்கும் குளிர்ச்சிக்கும் போய்வருகிறோம். நம் கண்ணெதிரே நிற்கும் மலையில் இருக்கும் அந்தச் சான்றைப் பார்த்துவர எத்தனை பேர் போகிறோம்?

அதற்கு முன்பே சென்னை வான் ஆய்வுக்கூடத்தில் சிந்தாமணி இரகுநாதாச்சாரி என்ற அறிஞர் பணியாற்றினார். 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். 1874-இல் வெள்ளி கதிரவனைக் கடந்து செல்லும் காட்சியைப் பொதுமக்களுக்கு விளக்கி நூல் எழுதியவர். பழைய வாய்பாட்டை விடுத்துக் கண்ணால் கண்ட நிலைக்குப் பஞ்சாங்கத்தைத் திருத்துங்கள் என்று வேண்டியவர். வைதிகக் குடும்பத்திலிருந்தே எழுந்த குரல் அது! ஆயினும் வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் இன்றும் தனித்தனியே நடக்கின்றன. சனி இடம் பெயர்வது 2025 மார்ச்சு 29 என்றது திருக்கணிதம். 2026 மார்ச்சு என்றது வாக்கியம். வானில் சனி ஒன்றுதான். ஏட்டில் மட்டும் ஓராண்டு இடைவெளி! இந்த ஓராண்டில் சனியின் கொடுமைக்கு ஆளானவர் எந்தப் பஞ்சாங்கத்தின்மேல் வழக்கிடுவது?

இனி, என் முகம் கவிழ்வதற்குரிய காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 1977 முதல் 1985 வரை எட்டு ஆண்டுகள் அக்காவின் சாதகம் ஊர் ஊராக அலைந்தது. நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம், பழனி, வத்தலக்குண்டு. மஞ்சள் தடவிய அந்தத் தாளைப் பையில் வைத்துச் சுமந்து சென்றவன் நான். 1981-இல் வத்தலக்குண்டில் ஒரு வீடு. மாப்பிள்ளை ஆசிரியர், அக்காவை ஒரு திருமணத்தில் கண்டு, விரும்பிக் கேட்டனுப்பியவர். கூடத்தில் சோதிடர் ஒருவர் தாளை விரித்தார், ஏழாம் கட்டத்தில் விரலை ஊன்றினார், தலையை அசைத்தார். அவ்வளவுதான். மாப்பிள்ளையின் தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த இளைஞர் என்னைப் பார்த்தார். ஏதேனும் சொல்வான், சொன்னால் பற்றிக்கொள்ளலாம் என்று ஏங்கிய பார்வை அது.

நான் அப்போது கல்லூரியில் இயற்பியல் பயின்றுகொண்டிருந்தவன். கெப்ளரின் மூன்று விதிகளையும் தேர்வில் எழுதி முதல் மதிப்பெண் வாங்கியவன். விடுதியில் நள்ளிரவு வரை பகுத்தறிவு பேசியவன். அந்தக் கூடத்தில், அந்த இருபது பேர் நடுவே, என் வாய் திறக்கவில்லை. பெரியவர்கள் இருக்கிறார்களே என்று எண்ணினேன்; பெண் வீட்டார் எதிர்த்துப் பேசினால் பேர் கெடுமே என்று எண்ணினேன். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பேருந்து ஏறினேன். வீட்டில் அக்கா கேட்டார்: "என்ன சொன்னார்கள், தம்பி?" "பார்த்துச் சொல்கிறார்களாம், அக்கா" என்றேன். அவர் மேலே கேட்கவில்லை. துணியை எடுத்து முடிச்சிடத் தொடங்கினார்.

சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-இலேயே அண்ணாவின் ஆட்சி சட்ட ஏற்பு அளித்துவிட்டது. நாள் பார்க்க வேண்டாம், கோள் பார்க்க வேண்டாம், ஒருவரையொருவர் ஏற்கிறோம் என்று உரைத்து மாலை மாற்றினால் மணம் செல்லும் என்றது சட்டம். கதவு திறந்துதான் இருந்தது. அக்காவின் கையைப் பிடித்து அந்தக் கதவுவரை அழைத்துச் செல்ல ஒரு தம்பிக்குத்தான் துணிவில்லை. தாய்க்காக வாதாடிய கெப்ளரின் விதியைக் கற்றேன். அவருடைய நெஞ்சுரத்தைக் கற்கவில்லை.

காலம் ஓடியது. அறிவியல் ஆசிரியனானேன்; ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு ஆணியும் நூலும் கொண்டு நீள்வட்டம் வரைந்து காட்டினேன். ஓய்வு பெற்ற பின்னரே, அக்கா பிறந்த அந்த அந்திப்பொழுதில் செவ்வாய் உண்மையில் எங்கே இருந்தது என்று கணக்கிட்டுப் பார்க்கும் எண்ணம் வந்தது. பார்த்தேன், திகைத்தேன். 1957 புரட்டாசியில் செவ்வாய் கதிரவனுக்கு அப்பால், ஏறத்தாழ நேர் பின்னே, மறைந்து கிடந்தது. அதன் நீள்வட்டத்தில் தொலைமுனையைத் தாண்டிச் சில வாரங்களே ஆகியிருந்தன. நமக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ 40 கோடி கிலோமீட்டர்! அதற்குச் சரியாக ஓராண்டு முன்னர், 1956 செப்டம்பரில், அதே செவ்வாய் தன் பாதையின் அண்மை முனைக்கருகே, புவியின் பக்கத்திலே வந்து, 5.7 கோடி கிலோமீட்டரில் செந்தழலாய் ஒளிர்ந்தது. ஏழு மடங்கு வேறுபாடு! ஒளியாயினும் ஈர்ப்பாயினும் தொலைவின் இருமடிக்கு ஏற்பக் குறையும். ஏழு மடங்கு தொலைவென்றால் 49-இல் ஒரு பங்கு.

இப்போது சாதகக் கட்டத்தைப் பாருங்கள். 1956-இல் பிறந்த ஒருத்தியின் ஏழாம் கட்டத்திலும் செவ்வாய் என்றே எழுதுவர். 1957-இல் பிறந்தவளின் ஏழாம் கட்டத்திலும் செவ்வாய் என்றே எழுதுவர். 5.7 கோடியும் ஒன்றே; 40 கோடியும் ஒன்றே! ஏனெனில், அந்தக் கட்டத்தில் திசை உண்டு, தொலைவு இல்லை. வக்கிரம், அத்தமனம் என்றெல்லாம் கணக்கு உண்டே என்பார் சோதிடம் வல்லார். உண்டு, ஆனால் அவையும் கோணத்தின் கணக்கே. பக்கத்துத் தெருவில் எரியும் தீயும், பாரிசு நகரத்தில் எரியும் தீயும் ஒரே திசையில் இருந்தால், இரண்டும் நம் கூரையை ஒருங்கே எரிக்கும் என்பவனை என்னவென்பீர்கள்? தொலைவை அறியாத ஒரு தாள் என் அக்காவின் வாழ்வை அளந்தது. தொலைவை அறிந்திருந்த நான் அதைச் சுமந்து திரிந்தேன்.

"செவ்வாயோ வெறுவாயோ" என்று அந்தக் கிழமையையே வெறுத்தவர் நாம். 2013 நவம்பர் 5, செவ்வாய்க்கிழமை. அன்றுதான் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மங்கள்யான் புறப்பட்டது. நெல்லைச் சீமையிலிருந்து சென்ற தமிழர் சுப்பையா அருணன் அதன் திட்ட இயக்குநர். 2014 செப்டம்பர் 24-இல் செவ்வாயை அடைந்து, அதை நீள்வட்டத்தில் சுற்றத் தொடங்கியது. அண்மை முனை 422 கிலோமீட்டர். தொலைமுனை 76,993 கிலோமீட்டர். புவியிலிருந்து செவ்வாய்வரை அது சென்ற வழியும் கதிரவனைக் குவியமாகக் கொண்ட ஒரு நீள்வட்டத்தின் துண்டே. கெப்ளர் கண்ட விதியால் சென்றது, பரிகாரத்தால் சென்றதன்று. 2022-இல் தொடர்பு அறும்வரை, ஆறு திங்கள் உழைக்க அனுப்பப்பட்ட அந்தக் கலம் எட்டாண்டு பணிசெய்தது. செவ்வாயைத் தொட்டுச் சுற்றிய கருவிக்கு ஊறில்லை. செவ்வாயைக் கண்ணாலும் கண்டிராத பெண்ணுக்குத்தான் தோஷம்!

கணக்கை எடுத்துக்கொண்டு அக்காவிடம் சென்றேன். 5.7 கோடி, 40 கோடி, ஏழு மடங்கு என்றெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கையிலிருந்த முடிச்சை இறுக்கிவிட்டு, நிமிர்ந்து ஒன்றே ஒன்று சொன்னார்: "கணக்குச் சரிதான், தம்பி. இதை வத்தலக்குண்டில் சொல்லியிருக்கலாமே."

தோழர்களே, என் வாழ்வில் நான் பெற்ற தண்டனைகளில் இதைவிடக் கடுமையானது இல்லை. அதில் சினம் இல்லை, கண்ணீர் இல்லை. அதனால்தான் அது இன்னும் ஆறவில்லை.

ஆகவேதான், அந்த நல்லவர் இருவரும் "முறைக்குத்தான்" என்று சொன்ன அந்த ஆனி மாலையில், நான் திண்ணையிலிருந்து இறங்கி அவர்கள் பின்னே தெருவுக்குச் சென்றேன். மகளும் வாயிற்படியில் வந்து நின்றாள். "எங்கள் வீட்டில் சாதகம் இல்லை, இருந்தாலும் தருவதற்கில்லை. பெண்ணின் படிப்பு, பணி, குணம், உடல்நலம் எதை வேண்டுமானாலும் கேளுங்கள்; நானும் உங்கள் மகனைப் பற்றி அவற்றையே கேட்பேன். செவ்வாயைப் பற்றித்தான் கேட்க வேண்டுமென்றால், அவள் பிறந்த நாளில் அது எத்தனை கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தது என்று எழுதித் தருகிறேன், உங்கள் சோதிடர் அதைக் கட்டத்தில் எங்கே குறிப்பார் என்று கேட்டுச் சொல்லுங்கள்" என்றேன். என் குரல் நடுங்கியது, மறைக்கவில்லை. ஆனால் வாய் திறந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பிந்தித் திறந்தது.

மூத்தவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "வீட்டில் கலந்து பேசுகிறோம், சார்" என்று சொல்லிச் சென்றார். இன்னும் மறுமொழி வரவில்லை. வரலாம், வராமலும் போகலாம். வராவிட்டால் என் மகள் வாடமாட்டாள். அதை அவளே சொல்லிவிட்டாள்.

நான் உள்ளே திரும்பியபோது, அக்கா துணியை மடியில் வைத்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. நின்ற விரல்கள் மீண்டும் நகர்ந்தன. நூலைச் சுற்றி, இறுக்கி, அடுத்த புள்ளியை முடிந்தார்.

இளைஞர்களே! உங்கள் வீட்டிலும் ஓர் அக்கா இருப்பார்; ஒரு தங்கை இருப்பாள். கெப்ளரை நீங்கள் கற்றிருப்பீர்கள். என்னைவிட நன்றாகவே கற்றிருப்பீர்கள். கோள்களின் தொலைவை அளந்துவிட்டது மனித அறிவு. நம் அறிவுக்கும் நம் நாவுக்கும் இடையே உள்ள தொலைவுதான் இன்னும் குறையவில்லை. அதைக் குறைக்க எந்த விதியும் தானாக வராது. தாள் விரிக்கப்படும் அந்தக் கூடத்தில், அந்த வேளையில், நீங்களே வாய் திறக்க வேண்டும்.